பட்டணத்து விடுதியில் பட்டினி கிடந்த தரகர் மாமா

காசு கொடுத்துத் தங்கிய விடுதியில், ஆவி பறக்கும் சாதம் இலைக்கு நேரே வந்து நிற்க, பட்டினி கிடந்து மெலிந்த மனிதர் பூலோகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பருத்தித் தரகர் மாமா. கூடவே மெலிந்தவன் நான்.

இராஜபாளையம் பருத்திப் பேட்டையில், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து அவர் விலை பேசினால் வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒருசேர வியர்ப்பார்கள். ஊரார் காரியத்துக்கு அவ்வளவு பேசும் அந்த மனிதர், தமக்கென்று ஒரு செம்பு தண்ணீர்கூட எவரிடமும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளி முதலில் ‘வேண்டாம்’ என்பார், வீட்டுக்காரர் வற்புறுத்துவார். மறுபடியும் ‘வேண்டாம்’, மறுபடியும் வற்புறுத்தல். அதற்கப்புறம்தான் விருந்தாளி மனம் இரங்குவார். மாமா இதில் கரை கண்டவர். கூமாப்பட்டியிலிருந்து தேவதானம் வரைக்கும் அவருக்குச் சொந்தக்காரர் இல்லாத ஊர் கிடையாது. ஆகவே சோறு விற்கிற இடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் படித்து மெட்ரிகுலேஷன் தேறியவன். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள். சென்னப்பட்டணத்துப் பஞ்சுக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு மாமாதான் என்னைக் கூட்டிப் போனார். அது கிடைத்தால் தம்பிகளும் பள்ளிக்கூடம் போவார்கள். கிடைக்காவிட்டால் எல்லாரும் சொந்த ஊரான சோழபுரத்து வயலில் மண்வெட்டி பிடிக்க வேண்டியதுதான். அப்பா அப்படித் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

சாத்தூர் வரை மாட்டுவண்டி, அதற்கப்புறம் ரயில். எழும்பூர் பக்கத்தில், தர்மசத்திரமும் அல்லாத, துரைமார் ஹோட்டலும் அல்லாத ஒரு நடுத்தர விடுதியில் போய் இறங்கினோம்.

“மாடியில காத்தோட்டமான அறை இருக்கு. தரட்டுமா?” என்றார் விடுதிக்காரர்.

“எங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்!” என்று மாமா சிரித்தார்.

விடுதிக்காரர் மறுபேச்சில்லாமல் சமையற்கட்டை ஒட்டிய அறையைத் திறந்துவிட்டார். புகையில் எங்கள் இருவர் கண்ணிலும் நீர் கொட்டியது. மாமாவின் கண்ணீரில் புகையின் பங்கு பாதிதான்.

“என்னலே, இன்னொரு வாட்டி கேக்காமலே போயிட்டாரு?”

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். முதல் கரண்டி விழுந்ததுமே மாமா இரண்டு கையாலும் இலையை மறைத்து, “போதும் போதும்!” என்றார். பரிமாறுகிறவன் அடுத்த இலைக்குப் போய்விட்டான். குழம்பு வந்தது. “போதும்!” பொரியல் வந்தது. “ஐயய்ய, வேண்டாம்!” அவனும் மகா மரியாதைக்காரன், ஒரு தடவைகூட மீறவில்லை. மாமா இலையை மடித்து எழுந்தார். பெரியவர் எழுந்த பிறகு சின்னவன் உட்கார்ந்து தின்னலாமா? நானும் எழுந்தேன்.

“மாமா, இது ஹோட்டலு. வேணும்னா வேணும்னுதான் சொல்லணும்.”

“ஏலே, கேட்டு வாங்கித் திங்கவா என்னைப் பெத்தாக? சோறு போடுதவன் முகத்துல ஒரு ‘சாப்பிடுங்க’ இல்லையே! எம்புட்டுப் பெரிய ஊரு, இப்பிடி இருக்கே!”

போர்வை வேண்டுமா என்று கேட்டு வந்தவனிடம் வேண்டாம். வெந்நீர் கொண்டு வந்தவனிடம் வேண்டாம். கொசுவிடம் மட்டும் அவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கவில்லை. சொல்லியிருந்தால் பட்டணத்துக் கொசு அதையும் கேட்டுக்கொண்டு போயிருக்கும்.

இந்தக் கோலத்தில், பசியில் காதடைத்துப் போய், மூன்றாம் நாள் கம்பெனிக்குப் போனோம். பெரிய குமாஸ்தா என்னை இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். படித்துப் பார்த்து முகம் மலர்ந்தார். அவர் மாமாவைப் பார்த்து, முறையாகக் கேட்டார்:

“பையன் தேவலை. நாளைக்கே வேலைக்கு வரட்டுமா?”

மாமா முகத்தில் மூன்று நாளாகக் காணாத மலர்ச்சி. கையை விரித்து, குழைந்து சிரித்து, “ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க! வேண்டாம்!” என்றார்.

“அப்படியா?” என்றார் பெரிய குமாஸ்தா. “அடுத்த ஆளைக் கூப்பிடு.”

மாமா அதே சிரிப்போடு வற்புறுத்தலுக்குக் காத்திருந்தார். சேவகன் வந்து தோளைத் தொட்ட பிறகும் காத்திருந்தார். நான் பதறி, “ஐயா, நான் வாரேன், எனக்குச் சம்மதம்!” என்றேன். “பெரியவருக்கே இஷ்டமில்லையே அப்பா, எனக்கெதற்கு வம்பு?” என்று அவர் கையசைத்துவிட்டார்.

விடுதிக்குத் திரும்பி அந்தப் புகைக்குள் குப்புறப் படுத்துக்கொண்டேன். தம்பிகள் கையில் மண்வெட்டிதான் தெரிந்தது. சாப்பிடக் கூப்பிட்டபோது இரண்டு பேரும் போகவில்லை. அன்றையது ஒன்றுதான் உண்மையான ‘வேண்டாம்’.

காலையில் அவரைக் காணவில்லை. தேடிக்கொண்டு ஓடினேன். கம்பெனி வாசலில், வண்டியிலிருந்து இறங்கிய பெரிய குமாஸ்தாவின் எதிரே, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார் மாமா.

“ஐயா, வேல வேணும். எங்க புள்ளைக்கு வேணும். தப்பு என் வாயில. அவனுக்குக் குடுங்க. குடுத்துருங்க.”

குரல் அவருடையதாகவே இல்லை. பெரிய குமாஸ்தா இரக்கமுள்ளவர்தான். “நேற்றே இன்னொருவனை எடுத்தாயிற்றே” என்று வருத்தத்தோடு சொல்லி உள்ளே போனார். மாமா வெயிலில் நின்றபடியே இருந்தார். நான்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

சோழபுரத்தில் வண்டியிலிருந்து இறங்கியதும் அப்பா ஓடிவந்தார். “வேல என்னய்யா ஆச்சு?” தம்பிகள் அவருக்குப் பின்னால் நின்றார்கள். மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“நாங்க போறதுக்கு முந்தியே வேற ஆளப் போட்டுட்டாகப்பா. மாமா எம்புட்டோ கெஞ்சிப் பாத்தாரு.”