ஒல்லி வால்வு விவகாரம்

மலைமேல் இருக்கும் அறுபது வீடுகளுக்கும் தபால் தாமதமின்றிப் போய்ச் சேர வேண்டும் என்ற உயரிய நோக்கத்துடன், அடிவாரத் தபால் அலுவலகத்துக்கு ஆறு மலைச் சைக்கிள்கள் வழங்கப்பட்டன. மலைக்குப் போகிற ஊழியர் என்னவோ ஒரே ஒருவர்தான், தபால்காரம்மா. மீதி ஐந்து வண்டிகளும் வராந்தாவில் வரிசையாக நிறுத்தப்பட்டு, வாரம் ஒருமுறை மஞ்சள் துணியால் துடைக்கப்பட்டு, நல்லபடியாக வாழ்ந்து வந்தன.

தபால்காரம்மாவின் வண்டி அப்படிக் கொடுத்து வைத்ததல்ல. தினமும் கல்லிலும் முள்ளிலும் ஏறி இறங்கியது. ஏழாம் மாதம் ஒரு நாள், பாதி மலையில் பின்சக்கரம் புஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது. அவள் அதைத் தள்ளிக்கொண்டே போய்த் தன் புருஷனின் கடையில் நிறுத்தினாள். அவர் சைக்கிள் கடைக்காரர். டியூபை உருவிப் பார்த்தார்.

"பஞ்சர்னா ஒட்டிடலாம். இது வால்வு அடியோட பிஞ்சிருக்கு. ஒட்டு நிக்காது. புது டியூப்தான் போடணும்."

"போடுங்களேன், அதுக்கென்ன?"

"பத்து நிமிஷ வேலை. ஆனா சர்க்கார் வண்டி. ஊழியரோட வீட்டுக்காரர் கை வச்சாருன்னு நாளைக்கு உன்னைத்தான் நிக்க வச்சுக் கேப்பாங்க. எழுதிக் கேளு. ஒல்லி வால்வுன்னு மறக்காம எழுது. மோட்டார் சைக்கிள்ல இருக்குமே, அந்தக் குண்டு வால்வு இந்த ரிம் ஓட்டையில நுழையாது."

அவள் அப்படியே எழுதிக் கொடுத்தாள். ஸ்டோர் குமாஸ்தா அதை இரண்டு முறை படித்தார்.

"ஒல்லி, குண்டுன்னெல்லாம் எழுதக் கூடாதும்மா. ஒருத்தர் உடம்பைப் பத்திப் பேசற மாதிரி இருக்கு."

"அது வால்வு சார்."

"இருக்கட்டும். சக்கரம் எத்தனை அங்குலம்?"

"இருபத்தேழரை."

"அரைக்குப் படிவத்துல கட்டம் இல்லை. இருபத்தேழா, இருபத்தெட்டா, ஒரு முடிவுக்கு வாங்க."

"சக்கரம் முடிவுக்கு வந்துதான் சார் சந்தைக்கு வந்திருக்கு. சரி, வராந்தாவுல அஞ்சு வண்டி சும்மாதானே நிக்குது? ஒண்ணுலேர்ந்து டியூபைக் கழட்டிக் குடுங்க."

குமாஸ்தா பதறிப் போனார். "அதெல்லாம் நல்ல நிலையில இருக்கற வண்டிம்மா! ஓட்டற வண்டிக்காக ஓட்டாத வண்டியைக் கெடுக்கறதா?"

விஷயம் அதிகாரியிடம் போனது. அதிகாரி புதிதாக வந்தவர். சைக்கிள் நாகரிகத்தில் ஊறியவர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் தலைக்கவசத்தைக் கழற்றமாட்டார். விரல் இல்லாத கையுறை போட்டுத்தான் கையெழுத்திடுவார். அவருடைய சொந்த மலைச் சைக்கிள் அறைச் சுவரில் படம்போல் மாட்டியிருந்தது.

"ஏம்மா, உலகமே டியூப் இல்லாத டயருக்குப் போயிட்டிருக்கு. நீங்க டியூப் கேக்கறீங்க!" என்றார்.

"எனக்கு உலகம் வேணாம் சார், மலைக்குப் போனா போதும்."

அதிகாரி பெருந்தன்மையோடு சிரித்து, அன்றே 'வால்வுத் தேர்வுக் குழு' ஒன்றை அமைத்தார். மலையைப் பற்றி விருப்பு வெறுப்பின்றி ஆராய வேண்டுமானால் மலையே இல்லாத இடத்துக்குத்தான் போக வேண்டும் என்பதால், குழு கடற்கரைக்குப் போய் ஆறு நாள் தங்கி ஆராய்ந்தது. திரும்பி வந்து நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அறிக்கை கொடுத்தது. 'குண்டு வால்வு உறுதியானது, கண்ணுக்கு நிறைவானது. உறுப்பினர் அனைவரது மோட்டார் சைக்கிளிலும் திருப்தியாகப் பணியாற்றி வருகிறது' என்பது அதன் சாரம். முந்நூறு குண்டு வால்வு டியூப்கள் வந்து இறங்கின. ஒன்றுகூட ரிம் ஓட்டையில் நுழையவில்லை. 'டியூப்கள் தயார், சக்கரம் ஒத்துழைக்க மறுக்கிறது' என்று குமாஸ்தா கோப்பில் எழுதி வைத்தார்.

"அப்ப நான் நடந்தே போயிடறேன் சார்," என்றாள் தபால்காரம்மா.

"தாராளமா நடங்க. ஆனா வண்டி உங்க பேர்ல இருக்கு. 'மலைவழித் தபால் வண்டியுடன் எடுத்துச் செல்லப்பட வேண்டும்'னு உத்தரவு. வண்டியோட நடங்க," என்றார் குமாஸ்தா.

காற்றில்லாத சக்கரத்தை மேட்டில் தள்ளுவதென்பது எருமையைக் கிணற்றிலிருந்து இழுப்பது மாதிரி. இரண்டு நாள் தள்ளிப் பார்த்தாள். மூன்றாம் நாள் 'போடீ' என்று வண்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். இடது தோளில் பை, வலது தோளில் சைக்கிள். ஒரு மணி நேரத்துப் பயணம் நாலு மணி நேரமானது. வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே போனதால் களைப்பு மட்டும் தெரியவில்லை.

பட்டணத்திலிருந்து மலை பார்க்க வந்த ஒருவர் அவளைப் படம் பிடித்தார். 'சக்கரத்துக்கு ஓய்வு, மனிதனுக்கு உயர்வு' என்று ஏதோ எழுதி ஊரெங்கும் பரப்பிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு மலையேறினார்கள். அதற்கடுத்த ஞாயிறு இருநூறு பேர். பிறகு வார நாட்களிலும் வந்தார்கள். முதுகுவலி வந்தவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். வராதவர்கள் வந்ததாகச் சொன்னார்கள். தோளுக்கு வைக்கும் மெத்தை எட்டு நிறத்தில் வந்தது. சைக்கிள் கடைக்காரரே அதைத் தைக்கக் கொடுத்து வாங்கித் தொங்கவிட்டார்.

"நீங்களுமா?" என்றாள் அவள்.

"என்ன பண்ணச் சொல்ற? காத்து அடிக்க வர்றவங்க நின்னுட்டாங்க. தோள் தேயற காலத்துல டயர் எப்படித் தேயும்?"

அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. 'தோள்வழித் தபால்' தம் சிந்தனையில் உதித்த திட்டம் என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் பாராட்டியது.

இப்படி இருக்கையில் ஒரு காலை, பையில் ஒரு நீளமான உறை வந்தது. மலைமேல் தேன் எடுப்பவரின் மகளுக்கு. நாலு வருஷமாக வேலைக்கு எழுதிப் போட்டு, தபால்காரம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் "அக்கா, எனக்கு ஏதாவது?" என்று ஓடி வருகிற பெண். உறையின் மேலேயே சிவப்பு மையில் அச்சடித்திருந்தது: அன்று மாலைக்குள் அடிவாரத்து மருத்துவமனைக்கு நேரில் வராவிட்டால் வேலை அடுத்தவருக்கு.

தோளில் சுமந்து போனால் உச்சிக்குப் போகவே பகல் கடந்துவிடும். பிறகு அந்தப் பெண் எப்போது இறங்குவது? தபால்காரம்மா நேராகக் கடைக்குப் போனாள்.

"என்னங்க, டியூபைப் போடுங்க."

"உன் வேலை?"

"என் வேலை தபால் குடுக்கறது."

அவர் மெத்தைகளை ஒதுக்கிவிட்டு, பரணில் கிடந்த கடைசி ஒல்லி வால்வு டியூபை எடுத்தார். மாட்டினார். வால்வு நுனியில் இருந்த சின்னத் திருகைத் தளர்த்திக் காற்றடித்தார், இறுக்கினார். மொத்தம் ஒன்பது நிமிஷம். அவள் ஏறி உட்கார்ந்து மிதித்தாள். எத்தனை மாதமாகிவிட்டது! முகத்தில் காற்று அடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வழியெல்லாம் சைக்கிளைச் சுமந்து ஏறிக்கொண்டிருந்தவர்கள் அவளை வாய் பிளந்து பார்த்தார்கள்.

"ஐயோ பாவம், ஓட்டுது அந்த அம்மா," என்றார் ஒருவர்.

உறையைப் பிரித்த பெண் கத்திய கத்தலில் தேனீக்களே ஒரு கணம் அடங்கின. பின்னால் அவளை உட்கார வைக்க இடமில்லாததால், ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும் நடுவே உட்கார வைத்து, இரண்டு பேருமாகச் சிரித்துக்கொண்டே மலையிறங்கினார்கள். வேலை கிடைத்தது.

மறுநாள் தபால்காரம்மாவுக்கு நோட்டீஸ் வந்தது. 'அலுவலக சைக்கிளை ஓட்டியதன் மூலம் முறைகேடாகப் பயன்படுத்தியதாகப் பொதுமக்களில் நாற்பத்தொரு பேர் புகார் அளித்துள்ளனர்.' அவள் பதில் எழுதிக்கொண்டு போனாள். அதிகாரி அதைப் படிக்காமல் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. ஏறி ஓட்டினா எப்படி இருக்கும்?"

"நல்லா இருக்கும் சார். நீங்க ஓட்டினதில்லையா?"

அதிகாரி சுவரில் மாட்டியிருந்த வண்டியைப் பார்த்தார். பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அவளுடைய வண்டியில் ஏறினார். நாலு முழம் போனார். வேலிச் செடிக்குள் போய் விழுந்தார். ஜன்னல்களில் அலுவலகம் முழுவதும் நின்று பார்த்தது.

விபத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டுமே! குழு மீண்டும் கூடியது. அதிகாரி மீது தவறு இருக்க முடியாது. வேலியும் அரசு வேலி. விழுந்த வண்டிக்கும் இதுவரை யாரையும் தள்ளாத மற்ற வண்டிகளுக்கும் என்ன வித்தியாசம்? இதில் நல்ல காற்று இருந்தது. அவை மாதக்கணக்கில் நின்று தொய்ந்திருந்தன. காற்றுதான் குற்றவாளி என்று ஒருமனதாக முடிவானது. எல்லா வண்டிகளிலும் மிச்சமிருக்கும் காற்றையும் உடனே அகற்ற உத்தரவானது. ஊர் அதை வரவேற்றது. தோள் சைக்கிள் சங்கம் மாலையோடு வந்தது.

ஆனால் ஒல்லி வால்வில் எங்கே திருகி எங்கே அழுத்தினால் காற்று இறங்கும் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான். ஆகவே நோட்டீஸ் ரத்தாகி, தபால்காரம்மா 'காற்று அகற்றல் அலுவலர்' ஆனாள். நாற்காலி, மேசை, மின்விசிறி. மலைக்குப் போக வேண்டியதில்லை. அந்த அலுவலகத்தில் பதினோரு வருஷத்தில் வந்த முதல் பதவி உயர்வு.

"ஒத்துக்கிட்டியா?" என்று கேட்டார் சைக்கிள் கடைக்காரர்.

"மின்விசிறி நல்லா சுத்துதுங்க," என்றாள் அவள்.

அவர் மெத்தைகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டே சொன்னார்: "இருபது வருஷமா காத்து அடிக்கறேன், இன்னும் தரையிலதான் உட்கார்ந்திருக்கேன். நீ ஒரே நாள் காத்தைப் பிடுங்கின, ஆபீசர் ஆயிட்ட."