மாப்பிள்ளைக்குக் காமாலை

விடிவதற்குள் வரிசை மூன்று தெருவைச் சுற்றிவிடும். கண் மஞ்சளானவர்கள் கொஞ்சம். மஞ்சளாகிவிடுமோ என்று பயந்தவர்கள் நிறைய. என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வந்து, டோக்கனோடு மாட்டிக்கொண்டவர்கள் அதைவிட நிறைய.

எல்லோருக்கும் ஒரே கதி, அந்தப் பழைய கிடங்குக்குள் உட்கார்ந்திருக்கும் 'வடிப்பு ஐயா'தான். ஈரலில் தேங்கிய நஞ்சைக் கை வழியாக வடித்துவிடுவாராம். ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னும் எதற்குக் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் புரியவில்லை.

வைத்தியம் ரொம்ப எளிது. நடுவில் தடித்த திரை. அதில் இரண்டு ஓட்டை. நோயாளி இந்தப் பக்கம் உட்கார்ந்து கைகளை உள்ளே விட வேண்டும். ஐயாவும் நோயாளியும் கண்ணோடு கண் பார்த்தால் நோய் தாவிவிடுமாம். (மரியாதை தெரிந்த நோய். அறிமுகம் ஆகாமல் தாவாது.) உள்ளே ஐயா மூலிகைச் சாறு தடவி, மணிக்கட்டில் தங்க ஊசியால் ஒரு குத்து குத்துவார். வெளியே எடுத்த கையைக் கண்ணாடித் தொட்டியில் முக்கினால், பளிங்கு மாதிரி இருந்த தண்ணீர் மஞ்சளாகிவிடும்! கூட்டம் வாயைப் பிளக்கும். பிளந்த வாய் மூடுவதற்குள் உண்டியல் திறக்கும்.

அப்படி வாயைப் பிளந்தவர்களில் நம் கதையின் அக்காவுக்குத் தம்பியும் ஒருவன். சொந்தமாக சலூன் வைத்திருப்பவன். பல வருடமாக அவன் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி கிருமி. தினம் ஒரு மாத்திரையில் அது பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தது. ஐயாவின் புகழ் காதில் விழுந்ததும் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, வரிசையில் நின்று பலமுறை குத்திக்கொண்டான். இப்போது கண் மஞ்சள், கால் வீக்கம், கத்தரிக்கோல் பிடித்தால் கை நடுங்குகிறது.

"டாக்டர் புதுசா ஒரு ரத்தப் பரிசோதனை எழுதியிருக்காங்கடா. வா, போகலாம்" என்றாள் அக்கா.

"மஞ்சள் வடிஞ்சிட்டிருக்குக்கா. நடுவுல போய்க் கெடுத்துக்கச் சொல்றியா?"

"வடியற மஞ்சள் உன் கண்ணுக்கு ஏன்டா ஏறுது?"

"அதான் கடைசி மஞ்சள்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு, தனியாகவே டாக்டரம்மாவிடம் போய் நின்றாள்.

"டி-ன்னு ஒரு கிருமி இருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. "அரைகுறைக் கிருமி. போட்டுக்கச் சொந்தமா சட்டை கூடக் கிடையாது. பி கிருமிகிட்ட இரவல் சட்டை வாங்கித்தான் வெளியவே கிளம்பும். அதனால பி இருக்கிற உடம்புலதான் அது பிழைக்கும். ரெண்டும் கூட்டு சேர்ந்தா ஈரல் சீக்கிரமே சுருங்கிடும். தம்பிக்கு அதுவும் வந்திருக்கோன்னு எனக்குச் சந்தேகம். பெரும்பாலும் ரத்தம் வழியாத்தான் பரவும். எங்கயாவது ஊசி குத்திக்கிட்டாரா?"

அக்காவுக்கு அந்தத் தங்க ஊசி ஞாபகம் வந்தது. நேரே சலூனுக்கு ஓடினாள். தம்பி ஒருவருக்குச் சவரம் முடித்து, பழைய பிளேடை ஒடித்து டப்பாவில் போட்டுவிட்டுப் புது பிளேடைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒவ்வொரு முகத்துக்கும் புது பிளேடு போடுறியே, உங்க ஐயா ஊசி மாத்துறாராடா?"

"தங்க ஊசிக்கா அது. தங்கத்துல அழுக்கு ஒட்டாது. அதோட, மாத்தாமயா இருப்பாரு? பெரிய மனுஷன்."

"நீ பார்த்தியா?"

"திரை இருக்குல்ல?"

அக்காவுக்கு வேலை ஜவுளிக்கடையில்; கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவாள். அதில் கோட்டு போட்ட ஒரு பொம்மைக்குக் கடைப் பெண்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை.

"நாளைக்குத்தானே உனக்கு மறுபடி முறை? நானும் ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன். அவருக்கு அப்புறம் நீ கையை விடு. அது போதும்" என்றாள்.

மறுநாள் சக்கர நாற்காலியில் மாப்பிள்ளை வந்தார். குல்லா, கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம், கழுத்து வரை போர்வை. கூட்டம் இரக்கப்பட்டு வழிவிட்டது.

"என்ன வேலை பார்த்தாரு?" என்றார் வாசலில் நின்ற தொண்டர்.

"துணிக்கடையில. நாள் பூரா நின்னபடியே."

"பேசுவாரா?"

"இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்லைங்க."

"சாப்பாடு?"

"பச்சைத் தண்ணி பல்லுல பட்டதில்லை."

"அடப் பாவமே! முன்னால போங்கம்மா, முன்னால போங்க."

அக்கா பொய்யே சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

மாப்பிள்ளையின் தோளைத் திருகி, இரண்டு கைகளையும் ஓட்டைக்குள் செருகினாள். உள்ளே ஐயா யாரிடமோ போனில் மனை விலை பேசியபடியே சாறு தடவினார். சட்டென்று பேச்சு நின்றது.

"கை ஐஸ் மாதிரி இருக்கே! நரம்பெல்லாம் இறுகிப் போச்சு. ஈரல்ல பாதி போயிடுச்சும்மா."

"பிழைப்பாருங்களா?"

"நான் இருக்கேன்ல? மூணு மாசம் வடிக்கணும்." அடுத்து 'டிக்' என்று ஒரு சத்தம். "சே! ஊசி வளைஞ்சு போச்சு."

அக்கா திரையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். கம்பியோடு வந்து விழுந்தது.

ஐயா வளைந்த ஊசியைப் பல்லால் கடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஊசிக் கவலையில் திரை விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ஊசியைத் தோள் துண்டில் ஒரு துடை துடைத்துவிட்டு, "அடுத்த ஆள்!" என்றார். துண்டு முழுக்கக் காய்ந்த ரத்தப் பொட்டுகள்.

அக்கா மாப்பிள்ளையின் கைகளைத் தொட்டியில் முக்கினாள். தண்ணீர் மஞ்சளோ மஞ்சள். பிறகு குல்லாவையும் கண்ணாடியையும் கவசத்தையும் கழற்றினாள். மொட்டைத் தலையோடு மாப்பிள்ளை எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பொம்மைக்கே வடிச்சிட்டாரே! என்ன சக்தி!"

(இப்படி ஒரு ஆள் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். உண்டியல்கள் அவரை நம்பித்தான் செய்யப்படுகின்றன.)

"சக்தியா? அப்போ ஐயா கையையும் முக்கிப் பார்ப்போமே" என்று அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து, அடுத்த ஆளுக்காக வைத்திருந்த தொட்டியில் அழுத்தினாள். சாறு ஒட்டிய விரல்களைச் சுற்றித் தண்ணீர் மஞ்சளாகப் பூத்தது. "ஐயாவுக்கே காமாலை! யாராவது நல்ல டாக்டராப் பாருங்கப்பா!"

சிரிப்பு வெடித்தது. நாலு பேர் உள்ளே புகுந்து கிளறினார்கள். ஒரு பானையில் மரப்பட்டைச் சாறு. ஒரு பீப்பாயில் தெளியவைத்த சுண்ணாம்புத் தண்ணீர், அடியில் வெள்ளை வண்டல். ஒன்றில் நனைத்த கையை மற்றதில் முக்கினால் மஞ்சள். ஈரலுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. பானையைப் பார்க்கவில்லை, பீப்பாயைப் பார்க்கவில்லை. அந்தத் துண்டையே பார்த்தான்.

"எங்கிட்ட வர்ற ஒருத்தனுக்கும் நான் பழைய பிளேடு போட்டதில்லையே" என்றான். "எல்லாருக்கும் இந்த ஒரே ஊசியாய்யா?"

ஐயா பதிலுக்குப் பின்வாசலைப் பார்த்தார். அங்கே கூட்டம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது, போலீஸுக்குப் போன் போட்டபடி.

"அக்கா, அந்தப் பரிசோதனை எங்க எடுக்கணும்?"

எடுத்தார்கள். டி கிருமி இருந்தது. டாக்டரம்மா மழுப்பவில்லை. "கஷ்டமான நோய்தான். ஆனா இப்பவாவது கண்டுபிடிச்சோம். பி மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிங்க. டி-க்குத் தனியா வைத்தியம் இருக்கு, விடாம வரணும். அங்க குத்திக்கிட்ட எல்லாரையும் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்க. வீட்ல இருக்கிறவங்களுக்கு பி தடுப்பூசி போட்டாச்சா பாருங்க. பி நுழையலைன்னா டி-க்கும் வழி இல்லை."

அந்த ஊசியில் குத்துப்பட்டும் பரிசோதனையே தேவைப்படாமல் தப்பித்தது மாப்பிள்ளை ஒருவர்தான். அவருக்கு ரத்தம் இல்லை. மூளையும் இல்லை, ஆனால் அவர் தானாக நடந்து போய் டோக்கன் வாங்கவில்லை.

டி கிருமிக்கு இரவல் கொடுக்க ஒரு பி வேண்டும். வடிப்பு ஐயாக்களுக்கு இரவல் கொடுக்க நாம் வேண்டும். கிருமிக்குத் தடுப்பூசி ஆஸ்பத்திரியில் கிடைக்கும். ஐயாக்களுக்கான தடுப்பு மருந்து நம் கழுத்துக்கு மேலேயே இருக்கிறது. போட்டுக்கொள்ளும்போது கொஞ்சம் சுருக்கென்று வலிக்கும், அவ்வளவுதான்.