பிளாசத்தை ஒப்படைப்பது குறித்து

ஏரிக்கரை வீடு,
மினசோட்டா,
அக்டோபர் 14

அன்பும் பொறுமையும் நிறைந்த தம்பி மகள் கர்ஸ்டனுக்குப் பெரியப்பா ஆர்லன் எழுதுவது. இங்கே நானும் என் வலது முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு சௌக்கியம். அங்கே நீயும் உன் காப்பகத்து நாய்களும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

"பெரியப்பா, ரெண்டே வாரம், தட்டிச் சொல்லாதீங்க" என்று ஆகஸ்டில் நீ இறக்கிவிட்டுப் போன பிளாசம் என்ற நாயைப் பற்றித்தான் இந்தக் கடிதம். குட்டி போடுவதற்கென்றே ஏழு வருஷம் கம்பிக் கூண்டில் அடைத்து வைத்திருந்த பிராணி என்றாய். புல்லையே மிதித்ததில்லை என்று சொன்னாயா? வாசலில் இறக்கியதும் நெருப்பில் நிற்பது மாதிரி நாலு காலையும் மாற்றி மாற்றித் தூக்கியது. உள்ளே விட்டால் அவ்வளவு பெரிய கூடத்தில் கூண்டளவுக்கே வட்டம் போட்டுச் சுற்றியது. நான் தும்மினால் பிரிட்ஜுக்குப் பின்னால் ஓட்டம். அதனால் தும்மல் வந்தால் படகுக் கொட்டகைக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தேன். சாப்பாடு இன்னும் மோசம். எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாமென்று சொல்லி, மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வதுதானே நம் ஊர் மரியாதை. நானும் கோழித்துண்டை மூன்று தடவை நீட்டினேன், வாங்கவில்லை, நிஜமாகவே வேண்டாம் போலிருக்கிறது என்று நானே தின்றுவிட்டேன். இப்படி இரண்டு நாள். பக்கத்து வீட்டு டெலோரிஸ் வந்து பார்த்துவிட்டு, "ஏன் ஆர்லன், அது என்ன சர்ச் விருந்துக்கா வந்திருக்கு? தட்டை வச்சிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காருங்க" என்றாள். சமையலறைத் தரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் மெல்லும் சத்தம் கேட்டது. எழுந்திருக்கத்தான் மறுபடி டெலோரிஸைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒன்பது வாரம், தினம் இரண்டு வேளை, சுவரைப் பார்த்தேன். போன வாரம் என் கையிலிருந்தே வாங்கித் தின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, அவளைத் தத்தெடுக்க நீ அனுப்பிய தம்பதி வந்தார்கள். அரிசோனாவிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள், நல்ல மனிதர்கள், வேலி போட்ட பெரிய தோட்டம் இருக்கிறதாம். காபி வேண்டுமா என்றேன். முதல் தடவையே "குடுங்க" என்றார்கள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அந்த அம்மாள், "இவளை எங்களுக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். வீடு தேடி வந்தவர்களிடம் முகத்திலடித்த மாதிரியா சொல்ல முடியும்? "அதுக்கென்ன, தாராளமா கூட்டிட்டுப் போங்க, எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். நம்மவர்களாயிருந்தால், "ஐயோ, உங்ககிட்ட பழகினதைப் பிரிக்கிறதாவது" என்பார்கள், நான் "பரவாயில்ல" என்பேன், அவர்கள் மறுபடி மறுப்பார்கள், கடைசியில் காபியைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு போவார்கள். இந்த அம்மாளோ "ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டார். கணவர் காரின் பின்சீட்டை அளக்கவே போய்விட்டார். சனிக்கிழமை வந்து கூட்டிப்போவார்களாம்.

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொன்ன சொல் சொன்னதுதான். என்னைவிட இளவயதுக்காரர்கள் கிடைப்பது அவளுக்கும் நல்லதே. நீ ஒப்படைப்புப் பத்திரங்களைத் தயார் செய். உன் அப்பாவுக்கு என் அன்பைச் சொல். கர்த்தர் உன்னையும், உன் வீட்டாரையும், ஒழுகும் உன் காப்பகத்துக் கூரையையும் காப்பாராக.

இப்படிக்கு,
பெரியப்பா ஆர்லன் டோஸ்ட்ரூட்

பி.கு.: தபால்தலை எடுக்க மாடிக்குக் கிளம்பினேன். இந்த வீட்டு மாடிப்படியைப் பிளாசம் இதுவரை மிதித்ததில்லை. பாதியில் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் மூன்றாம் படியில், நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். நான் கூப்பிடவே இல்லை. இரண்டு பேரும் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு அந்த அம்மாளுக்குப் போன் செய்து, "தர மாட்டேன்" என்றேன். அறுபத்தொன்பது வயதில் இப்படி நேராக ஒருவரிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. அவர், "ஏங்க?" என்று கேட்டார்.

"எனக்கு வேணும்" என்றேன்.