அப்பா வான் பார்க்கவில்லை

இணுவில் கிழக்கு.

அன்பான மருமகன் அருட்செல்வனுக்கு,

மாமா செல்வநாயகம் எழுதிக்கொள்வது. கந்தனருளால் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே உங்கள் மாமி சுகம். நான் மிகவும் சுகம். அதை வற்புறுத்தத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் கதைத்தால் மகள் வினோஜா பக்கத்தில் நின்று அழுவாள். எனக்கு நியாயம் கிடைக்காது.

நான் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றபோது மாமி ஒரு படம் எடுத்து லண்டனுக்கு அனுப்பினாள். அதைப் பார்த்த உங்கள் மனைவி, அதாவது என் ஒரே மகள், குடும்ப வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் 'அப்பா லுக்ஸ் வான்' என்று எழுதினாள். நான் அகராதியை வைத்து நானாகவே ஆங்கிலம் படித்தவன். லுக் என்றால் பார். ஆகவே அப்பா வான் பார்க்கிறார். வான் வண்டிக்கு 'வி' போடாமல் பிழையாக 'டபிள்யூ' போட்டிருக்கிறாள், லண்டன் படிப்பு அவ்வளவுதான் என்று நினைத்தேன். சைக்கிளை விட்டு இறங்காத நான் எந்த வானைப் பார்த்தேன்? பக்கத்து வீட்டுப் பஞ்சலிங்கத்திடம் கேட்டேன். "மகள் வான் எடுத்துத் தாறா போலை, அண்ணை. எங்கடை பெட்டைக்குக் கலியாணம் வருது. முதல் ஓட்டம் எங்களுக்குத்தான், சொல்லிப்போட்டன்" என்றான். பொழுதுபடுவதற்குள் கீரிமலைக்குப் போக, கொழும்புக்குப் போக என்று ஊரே வாசற்படலையில் வந்து நின்றது.

எல்லோரையும் கலைத்துவிட்டு அகராதியைத் திறந்தேன். அந்த 'டபிள்யூ'விலேயே 'வான்' என்று ஒரு சொல் இருக்கிறது. வெளிறிய, சோகை பிடித்த, நோயாளித் தோற்றமுள்ள என்று பொருள் போட்டிருந்தது. வான் எவ்வளவோ மேல்.

"நான் வெளிறியோ இருக்கிறன்?" என்று மாமியைக் கேட்டேன்.

"உங்களுக்கு எப்பவும் உந்த நிறம்தானே" என்றாள். முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

பஞ்சலிங்கமோ, "வான் இல்லையெண்டதும் முகம் செத்துப்போச்சு, அண்ணை" என்று முருங்கையிலை ஒரு கட்டுக் கொண்டுவந்து தந்தான். இப்போது கண்டவனெல்லாம் என் கண்மடலை இழுத்துப் பார்க்கிறான். தோட்டத்தில் தலை சுற்றி வரம்பில் இருந்தேன், அது வெயில். சைக்கிளை ஓட்டாமல் உருட்டிக்கொண்டு போகிறேன். அது சில்லில் காற்றுக் குறைவு. படுத்தால் மூச்சு வாங்குகிறது. அது மாமி வைக்கும் கத்தரிக்காய்க் குழம்பு. இதற்குள் சோகை எங்கே வந்தது?

வினோஜா விடுப்பு எடுத்து வரப்போகிறாளாம், என்னைக் கொண்டுபோய் இரத்தம் சோதிப்பாளாம். வரவே வேண்டாம். வந்தாலும் நான் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன். எல்லோரும் பார்க்க எழுதிய சொல்லை எல்லோரும் பார்க்கத் திரும்பப் பெறட்டும். அதுவரை எனக்கும் அவளுக்கும் கதையில்லை.

பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளை முருகன் தரட்டும்.

இப்படிக்கு,
நல்ல நிறத்துடன்,
மாமா வே. செல்வநாயகம்

பி.கு.: மாமி அழுத அழுகை தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்கு விடாமல் அங்கேயே மறித்துவிட்டார்கள். கட்டிலில் இருந்துதான் இதை எழுதுகிறேன், இரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. வயிற்றுக்குள் ஏதோ கட்டியாம், வெட்ட வேண்டுமாம். தபால் சுணங்கும் என்பதால் மாமி இதைப் படம் பிடித்து உங்களுக்கு மட்டும் அனுப்புவாள். வினோஜாவைக் கெதியாக வரச் சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.