தயிருக்குப் பின்னால் ஒரு கர்ப்பப்பை

ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம்தான் இருக்கும் என்று நம்புகிறவர் எங்கள் நாட்டில் யாரும் இல்லை. கறிவேப்பிலை இருக்கும், ஊசி நூல் இருக்கும், போன வருடத்து ஊறுகாய் இருக்கும். என்னுடையதில் பன்றியின் கர்ப்பப்பை இருந்தது.

அப்போது நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. சோடி சேர்ந்தபின் பன்றியின் கர்ப்பப்பையில் கொஞ்சம் அழற்சி வருவது இயல்பு. அது அடங்காவிட்டால் குட்டி தங்காது. ஓமோன்களின் சொல் கேட்டு அதை எழுப்பவும் அடக்கவும் உயிர்க்கலங்களின் உட்கருவுக்குள்ளே வாங்கிகள் என்று சில புரதங்கள் இருக்கின்றன. நான் தேடியது அவற்றைத்தான். (இப்படிச் சுருக்கமாகச் சொல்ல அன்று தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.)

கண்டியில் மங்கையக்கா வீட்டில் வாடகைக்கு இருந்தேன். யாழ்ப்பாணத்துச் சைவம், முட்டை போட்ட கேக்கை வாசலோடு திருப்பி அனுப்புவார். அவருடைய தம்பி குகன் ஊரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வடக்கிலிருந்து வருகிற தமிழர் பொலிஸில் பெயர் பதிய வேண்டும்; அவர் இன்னும் பதியவில்லை. பிடித்துக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத காலம். இருமக்கூடப் பயந்து பின்னறையில் கிடந்தார்.

அன்று அழற்சி பிடித்த கர்ப்பப்பை ஒன்றை இறைச்சிக்கூடத்தில் வாங்கிக்கொண்டு திரும்பினால் ஊரடங்கு. ஆய்வுகூடத்துக்குப் போக வழியில்லை. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. மகா புத்திசாலியான நான், மங்கையக்கா சாமியறையில் இருந்த நேரம் பார்த்து, பெட்டியை அவருடைய பிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். இரவு கரண்ட் போனது. விடிந்ததும் ஆமி வந்தது.

வீடு வீடாகச் சோதனை. கட்டிலுக்கடியில் பார்த்தார்கள், அலுமாரியைக் கிளறினார்கள், பிரிட்ஜைத் திறந்தார்கள். அடுத்தது பின்னறைதான். மங்கையக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை.

ஒரு சிப்பாய் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டு, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். சிப்பாயின் தோளில் துவக்கைக் கண்டால் சிலர் அழுவார்கள். நான் விரிவுரை நடத்தினேன். சந்தையில் பொறுக்கிய சிங்களத்தில், காற்றில் கர்ப்பப்பை வரைந்து, வாங்கி, ஓமோன், அழற்சி, சீழ் என்று என் பேராசிரியருக்கே அவ்வளவு விளக்கமாக நான் சொன்னதில்லை. சீழ் வந்த இடத்தில் ஒருவர் முற்றத்துக்கு ஓடினார். பெட்டியைத் திறந்தவர் தொப்பியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மூடு மூடு என்று கையைக் காட்டினார். பின்னறைப் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்கள்.

அப்பாடா என்று மூச்சு விட்டபோதுதான், மங்கையக்காவுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும் என்பது நினைவுக்கு வந்தது.

“உது பண்டியோ?”

“ஓம், அக்கா.”

“எப்ப வைச்சனீர்?”

“நேற்றுப் பின்னேரம். தயிருக்குப் பின்னால.”

இரவு அந்தத் தயிரோடுதான் சாப்பிட்டிருந்தோம். அவர் கதிரையில் உட்கார்ந்து முதலில் அழுதார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அதைக் கொண்டுபோய் வெளியில வையும், பிள்ளை. தலை முழுகிப்போட்டு வாரும், தேத்தண்ணி போடுறன்.”

பிரிட்ஜை மஞ்சள் தண்ணீரால் கழுவிக் கழுவியே அதன் பாதி ஆயுளைக் குறைத்தார். அது பழுதாகும்வரை கதவில் திருநீற்றுக் குறியோடு நின்றது. பின்னறைக்காரரை நான் பிறகு கல்யாணம் செய்துகொண்டேன். “எங்கட வீட்டில பொருத்தம் பார்த்தது பண்டி” என்று மங்கையக்கா, இப்போது என் மச்சாள், வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுகிறார். ஆனாலும் பிறந்தநாள் வீடுகளில் ஐஸ்கிரீம் பெட்டி வந்தால் அதை என் பக்கம்தான் தள்ளுவார். நான் திறந்து, ஒரு கரண்டி சாப்பிட்டுக் காட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கு.