சமாதான நீதவானின் கிளச்

"இண்டைக்கும் இல்லையோ?"

கொட்டாஞ்சேனைக் கராஜ் வாசலில் நின்று நாகேந்திரம் இப்படிக் கேட்டது நான்காவது தடவை.

"கிளச் பிளேட்டு ஒருகொடவத்தை கன்டெய்னர் யார்டுல மாட்டிக்கிச்சு சார். நாளைக்கு வந்துருங்க," என்றார் கராஜ்கார புஷ்பராஜ், தலையைத் தூக்காமலே.

நாகேந்திரம் அகில இலங்கைச் சமாதான நீதவான், அதாவது ஜே.பி., ஆகி இரண்டு மாதம்தான். அதற்காக வருகிற வெள்ளிக்கிழமை ஹெந்தளையில் பாராட்டு விழா வைத்திருந்தார்கள். பொன்னாடை வாங்கப் போகிறவர் சொந்தக் காரிலிருந்து இறங்க வேண்டாமா?

"நான் ஆரெண்டு தெரியுமோ உமக்கு? ஜே.பி.!"

புஷ்பராஜ் அப்போதுதான் நிமிர்ந்தார். "அப்படீங்களா சார்! முதல்லயே சொல்லக் கூடாதா?"

கதிரை வந்தது. நடைபாதைத் தேநீர்க்காரி பாக்கியலெட்சுமி இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கார் மட்டும் வரவில்லை.

வெள்ளவத்தை வீட்டில் மனைவி அருந்ததி சொன்னாள்: "ஓட்டோவில போனாலும் அதே பொன்னாடைதானேயப்பா போர்த்துவினம்?"

"உமக்கு விளங்காது."

தன் கார் கண்டவன் நின்றவன் காரைப் போலக் கிடப்பதால்தான் வேலை பிந்துகிறது என்று அவர் முடிவு கட்டினார். மறுநாளே பலகையொன்று எழுதுவித்து எடுத்துப் போனார். சிவப்பிலே தங்க எழுத்து, மூன்று மொழியிலும் 'சமாதான நீதவான்'. தன் கையாலேயே முன்கண்ணாடிக்குள் நிறுத்தி வைத்துவிட்டு வந்தார்.

பலன் உடனே தெரிந்தது. அடுத்த நாள் போனபோது, இருட்டு மூலையில் கிடந்த கார் கழுவித் துடைக்கப்பட்டு, வீதியைப் பார்த்தபடி வாசலில் நின்றது.

"முடிஞ்சுதோ?"

"ஒரே ஒரு போல்ட்டு பாக்கி சார். பெரியவங்க வண்டி, அவசரப்படக் கூடாது."

நாகேந்திரம் முத்திரை குத்திய கடிதத்தாளில் மூன்று பந்திக்குக் கண்டனம் எழுதி அனுப்பினார். புஷ்பராஜ் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வாசித்தாரோ என்னவோ, முத்திரை வீதிக்குத் தெரியும்படிதான் மாட்டியிருந்தார்.

வாசலில் டயர் அடுக்கு நாளுக்கு நாள் நடைபாதைக்கு இறங்கியதையும், பாக்கியலெட்சுமியின் ஒற்றை மேசை மூன்று மேசையானதையும் நாகேந்திரம் கவனிக்கவில்லை. அவர் கண்ணுக்குப் பலகைதான் தெரிந்தது. நல்ல எழுத்து.

வெள்ளிக்கிழமை பட்டு வேட்டி, சால்வையோடு வந்து இறங்கினார். ஓட்டோவில்தான். விழாவுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம். புஷ்பராஜைக் காணோம்.

"சாமான் வாங்கப் போயிருக்காருங்க," என்றாள் பாக்கியலெட்சுமி, வடையைத் திருப்பிக்கொண்டே.

"சாமானோ! இனிப் பொறுக்கேலாது. பொலிஸுக்குப் போறன். முனிசிபலுக்கும் எழுதிப் போடுறன், வந்து பாக்கட்டும் இந்தக் கராஜை!"

வடைக் கரண்டி அவள் கையிலிருந்து நழுவியது.

"ஐயோ, முனிசிபலுக்கு மட்டும் வேணாங்கய்யா!" சீனி டின்னுக்குள் கையை விட்டுக் காரின் திறப்பை எடுத்து நீட்டினாள். "நீங்க போர்டு வச்ச அன்னைக்கே வண்டி சரியாயிருச்சுங்க. நடைபாதையைக் காலி பண்ணச் சொல்லி வர்ற முனிசிபல்காரங்க, அதைப் பாத்துட்டுச் சத்தமில்லாம திரும்பிப் போயிடுறாங்க. அதான் அண்ணன் குடுக்க மாட்டேங்குறாரு."

நாகேந்திரம் திறப்பைப் பறித்துக்கொண்டு காரை நோக்கித் திரும்பினார். பாக்கியலெட்சுமி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"கார எடுத்துக்கிட்டுப் போங்கய்யா, அது யாருக்கு வேணும்? போர்ட மட்டும் வச்சுட்டுப் போயிருங்க!"