அத்தாவுக்குத் தப்பு சொன்ன கம்ப்யூட்டர்

"தப்பு" என்று கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் காட்டியதும், அறையில் இருந்த டிரைவர்கள் எல்லோரும் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

காட்டியதோடு அது நிற்கவில்லை. தண்ணீர் புகுந்த ஹாரன் மாதிரி 'பொர்ர்' என்று ஒரு சத்தமும் போட்டது. அந்தச் சத்தத்தை வைத்தவள் கனிஷாய்தான். வைக்கிறபோது வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்தாள்.

தப்பு வாங்கியவர் அத்தா; வயதில் மூத்தவர் என்பதால் அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வாசல் காற்று படாத, மூத்தவருக்கென்று விடுகிற மேலிடத்தில், அடுப்புப் பக்கம் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. கம்ப்யூட்டரை அவர் பார்த்த பார்வை, வீட்டு ஆடு திடீரென்று வாய் திறந்து பேசினால் பார்க்கிற பார்வை.

"பெரிய மனுசனப் பாத்து இப்படித்தான் சொல்றதா?" என்றான் ஷப்தான். டிரைவர்களில் குரல் பெரிதானவன் அவன்.

"நான் சொல்லலண்ணே. மெஷின் சொல்லுது."

"மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

கனிஷாய் கம்ப்யூட்டரின் சத்தத்தைக் குறைத்தாள்.

நாரின் என்ற மலை ஊரின் பஸ் ஸ்டாண்டில் அவள் டைம் கீப்பராகச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. போன குளிர்காலம் முழுக்க வேலை இல்லாமல் அக்காள் வீட்டில் தின்ற சோறு இன்னும் தொண்டையில் நின்றது. இங்கே வேலை கிடைத்ததும், வேன் முதலாளி காசிமாலி பக்கத்து ரூட்டையும் வாங்கி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார். பாதி டிரைவர்களுக்கு மீதிப் பேரின் முகம்கூடச் சரியாகத் தெரியாது. அத்தா எந்த ரூட்டு என்று பெரியவரிடம் கேட்கிற துணிச்சலும் யாருக்கும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் சாலை விதிப் பரீட்சை. பெயர் கொடுத்தவர்களில் ஒருவர் தோற்றாலும் ரூட்டு தலைநகரத்துக் கம்பெனிக்குப் போய்விடும்.

"ரூட்டு போனா வேன் எதுக்கு? வேன் போனா டைம் கீப்பர் எதுக்கு?" என்று காசிமாலி அவளைப் பார்த்தே கேட்டார்.

கனிஷாய் நூலகத்தில் இலவசமாகக் கம்ப்யூட்டர் படித்தவள். அறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, ஒரு சின்ன வினாடி வினாப் புரோகிராம் எழுதினாள். மேலே கேள்வி, கீழே நான்கு விடை. எண்ணைத் தட்டினால் சரியா தப்பா என்று சொல்லும். இருபது கேள்வி முடிந்ததும் மார்க் போடும். பரீட்சையில் பதினெட்டு வாங்க வேண்டும்.

பரீட்சைப் பதிவுக்கு அடையாளமாகப் பாஸ்போர்ட் மட்டும் போதும் என்றதால் எல்லோருடையதையும் வாங்கினாள். அத்தாவிடம் கேட்கத்தான் நாக்கு தயங்கியது. அவர் கோட்டின் உள்பையிலிருந்து எடுத்து நீட்டினார். எதற்கு என்று கேட்கவில்லை.

இப்போது அவர் தப்பாகச் சொன்ன கேள்வி இது: குறுகலான மலை ரோட்டில் ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்க வேண்டும்? நான்காவது விடைக்கு ஒன்றும் தோன்றாமல் 'வயதில் இளையவர்' என்று எழுதி வைத்திருந்தாள். அத்தா நான்கைத் தட்டினார்.

"அதுல என்ன தப்பு?" என்றான் ஷப்தான். "இளையவன் ஒதுங்காம பெரியவரா ஒதுங்குவாரு?"

மறுநாள் கனிஷாய் புரோகிராமைத் திருத்திக்கொண்டு வந்தாள். சிவப்பு இல்லை, பொர்ர் இல்லை. விடை தப்பானால், 'மரியாதைக்குரியவரே, தாங்கள் சொன்னதும் சரிதான். வேறு மாதிரியும் சிலர் சொல்வதுண்டு' என்று வந்தது.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. "இப்பதான் இது மனுசங்க வீட்டுல வளந்த மெஷின் மாதிரி இருக்கு" என்றான் ஷப்தான்.

ஆள் இல்லாத ரோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்று கேள்வி வந்தது. அத்தா தாடியை நீவினார். "ஆளே இல்லாத எடத்துல யாருக்காக நிக்கறது? போக வேண்டியதுதான்." கம்ப்யூட்டர், தாங்கள் சொன்னதும் சரிதான் என்றது.

அன்று மத்தியானம் ஷப்தான் சந்தை முனையில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்ப் போலீஸில் மாட்டினான். 'கம்ப்யூட்டரே சரின்னு சொல்லிச்சு' என்று போலீஸ்காரரிடம் வாதம் வேறு பண்ணியிருக்கிறான். காசிமாலி போய் மீட்டுக்கொண்டு வந்தார்.

"நான் பரீட்சைக்குப் படிக்க வைக்கச் சொன்னேனா, ஜெயிலுக்குப் படிக்க வைக்கச் சொன்னேனா?" என்றார் கனிஷாயிடம்.

அவள் மரியாதை வாக்கியத்தை எடுத்தாள். சரி என்றும் சொல்லாது, தப்பு என்றும் சொல்லாது. எல்லோரும் தட்டி முடித்த பிறகு சரியான விடைக்கு அடியில் ஒரு பச்சைக் கோடு மட்டும் விழும். ஆளுக்கு ஒரு மார்க் தனித்தனியாக வரும். இதில் யாரும் கோபிக்க இடமில்லை.

கோபிக்கவில்லைதான். கீபோர்டு முதலில் மேலிடத்துக்குப் போனது. பிறகு வயது வரிசையில் கைமாறிக் கடைசியாக வாசலோரம் வந்தது. மார்க் வந்தது. அத்தாவுக்கு ஏழு. ஷப்தானுக்கு ஏழு. அத்தனை பேருக்கும் ஏழு.

கனிஷாய் தாலாயை வெளியே கூப்பிட்டாள். டிரைவர்களில் கடைசி வயது அவனுக்கு. போன வாரம்தான் விதிப் புத்தகத்தை அவளிடம் தலைகீழாக ஒப்பித்தவன்.

"ஒனக்குமாடா ஏழு?"

"விடையெல்லாம் தெரியும்க்கா."

"தெரிஞ்சா தட்ட வேண்டியதுதான?"

"அத்தா மூணுன்னு தட்டினப்புறம் நான் எப்படி ரெண்டுன்னு தட்டறது? எங்கப்பன் காதுக்குப் போனா வீட்டுக்குள்ள விடமாட்டாரு."

அவள் நேரே காசிமாலியிடம் போனாள். மூட்டை தூக்கப் போகிறவன் முதலில் முதுகை நிமிர்த்துகிற மாதிரி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தா பேரை மட்டும் எடுத்துட்டா மத்தவங்க தேறிடுவாங்க. அவருக்கும் வயசாயிருச்சு."

காசிமாலி கணக்கு நோட்டை மூடினார். "பெரியவரத் தள்ளி வச்சுட்டு எழுதுனாங்கன்னு ஊருல பேசுவாங்க. அவரு இல்லாம ஒருத்தனும் பரீட்சை வாசப்படி ஏறமாட்டான். நானே ஏறவிட மாட்டேன். போ, வேற வழி பாரு."

வேறு வழி பார்த்தாள். வரிசையைத் திருப்பிப் போட்டாள்; பச்சைக் கோடும் ஒருவர் தட்டியதுமே விழும்படி வைத்தாள். கம்ப்யூட்டர் முதலில் இளையவனைக் கேட்கும், கடைசியில் அத்தாவைக் கேட்கும்.

தாலாய் மேலிடத்தைப் பார்க்காமல் முதல் கேள்விக்குத் தட்டினான். பச்சைக் கோடு விழுந்தது. அத்தாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இரண்டு கையையும் ஏந்தினார். "வழி தெளிவா இருக்கட்டும். பிள்ளைகுட்டி பெருகட்டும். ஆட்டுக்கு நோய் வராம இருக்கட்டும்." எல்லோரும் கையை ஏந்தி, "ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஆசீர்வாதம் வாங்கியவன் டீ ஊற்றாமல் இருக்க முடியுமா? எல்லோருக்கும் ஊற்றினான். இரண்டாவது கேள்விக்கும் தாலாய் சரியாகச் சொன்னான். அத்தா மறுபடி கையை ஏந்தினார்.

நாலாவது ஆசீர்வாதத்தில் கதவு இடிபட்டது.

"ஆத்பாஷி ஊருக்குப் போற வேன் இன்னிக்குக் கெளம்புமா, இல்ல நாங்க நடக்கட்டுமா?" என்று வெளியே பிரயாணிகள் கத்தினார்கள். ஒரு அம்மாள் கையில் கட்டியிருந்த கோழியும் கூடச் சேர்ந்து கத்தியது.

அறை காலியானது. அத்தாவும் கனிஷாயும் மட்டும் இருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள். அக்காள் வீட்டுச் சோற்றுத் தட்டு அவள் கண்ணுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. அடுப்புக்கு நிலக்கரி அள்ளிப் போட்டபடி, வாய்க்கு வந்ததைக் கேட்டாள்.

"அத்தா, நீங்க குதிரையில மலை ஏறியிருக்கீங்களா?"

"என்ன கேள்வி இது? நான் பொறந்ததே குதிரையிலதான்னு எங்காத்தா சொல்லுவா."

"ஒத்தையடிப் பாதையில மேல ஒரு குதிரை, கீழ ஒரு குதிரை. யாரு ஒதுங்குவா?"

"இதென்ன, கொழந்தைக்கும் தெரியும். ஏறுற குதிரைய நிறுத்துனா மறுபடி கெளம்பறதுக்குள்ள மூச்சு முட்டிரும். எறங்கறவன்தான் ஒதுங்கணும்."

கனிஷாய் கரி அள்ளுகிற கரண்டியைக் கீழே போட்டாள். விதிப் புத்தகத்து விடையும் அதேதான்.

மறுநாள் புரோகிராமில் வேன் ஒன்றுகூட இல்லை. எல்லாம் குதிரை, ஆட்டு மந்தை, ஆற்றுத்துறை. பனி மூடிய பாதையில் முன்னால் போகிற குதிரைக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்? வளைவுக்கு அப்பால் மந்தை வருவது தெரியாதபோது முந்தலாமா? சாவடிக்காரன் கையைத் தூக்கினால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்ன செய்வது? விடை தட்டியதும், அதே கேள்வி வேனும் ரோடும் விளக்கும் வைத்து அடியில் வரும்.

அத்தா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் சுற்றில் பதினாறு. அடுத்த சுற்றில் பத்தொன்பது. மூன்றாவது சுற்றில் கேள்வியைப் படித்து முடிக்கிறதற்குள் விரல் எண்ணில் இருந்தது.

அத்தா என்ன தட்டினாரோ அதையே எல்லோரும் தட்டினார்கள். இப்போது எல்லோருக்கும் இருபது.

"மெஷினுக்கு இப்பதான் அறிவு வந்துச்சு" என்றான் ஷப்தான்.

வெள்ளிக்கிழமை அவர்களை ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் முன்னால், ஒருவர் திரை ஒருவருக்குத் தெரியாமல் உட்கார வைத்தார்கள். கனிஷாய் வெளியே பனியில் நின்றாள். முதலில் வெளியே வந்தவர் அத்தா.

"எப்படி அத்தா?"

"குதிரைன்னு போடாம வேன்னு போட்டிருக்கான். பாவம், தெரியாதவன். நான் புரிஞ்சுக்கிட்டேன்."

அதிகாரி வாசலில் நின்று மார்க்கைப் படித்தார். ஒருவர்கூடத் தோற்கவில்லை. ஷப்தானுக்குப் பதினெட்டு, தெரியாத இடத்தில் அத்தா எதைத் தட்டியிருப்பார் என்று யோசித்துத் தட்டியதாகச் சொன்னான். இருபதுக்கு இருபது ஒரே ஆளுக்கு. அந்த மாகாணத்தில் இதுவரை யாரும் வாங்கியதில்லை என்று சொல்லி அதிகாரி இறங்கி வந்து அத்தாவின் கையைத் தம் இரண்டு கையாலும் பிடித்தார்.

வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றின. எல்லாச் சிவப்பு விளக்கிலும் நின்றன. காசிமாலி ஒரு ஆட்டை அறுத்தார். டிரைவர் அறையில் துணி விரித்து, மூத்த விருந்தாளிக்கு உரிய வெந்த ஆட்டுத் தலையைக் கொண்டுவந்து அத்தா முன்னால் வைத்தார்கள். அத்தா கத்தி எடுத்து, வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற காதை அறுத்துக் கனிஷாய் கையில் கொடுத்தார். அந்தக் காதைத் தின்று முடிக்கிற வரைக்கும் அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"டைம் கீப்பர் வேலை ஒனக்கு நிரந்தரம்" என்றார் காசிமாலி. பிறகு பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து இரண்டு கையாலும் அத்தாவிடம் நீட்டினார். "புதுசா வாங்குன வேன். நாளையிலேருந்து இது ஒங்களுது."

அத்தா சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொடுப்பதை மறுப்பது மரியாதை இல்லை. கையை ஏந்தி ஆசீர்வாதம் பண்ணினார். எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

அப்போது கதவு திறந்தது. தோளில் வெறும் சாக்கோடு ஒரு கிழவி வந்து நின்று, விரித்திருந்த துணியையும் ஆட்டுத் தலையையும் அத்தா கையில் இருந்த சாவியையும் பார்த்தாள்.

"உள்ள வாங்கம்மா" என்று காசிமாலி எழுந்தார். "ஒங்க வீட்டுக்காரரா? எங்க ரூட்டுலயே முதல் டிரைவர் அவருதான்."

"டிரைவரா?" என்றாள் கிழவி. "வேன்ல ஏறுனாலே இவருக்கு வாந்தி வரும், எதிர்ச் சந்தையில நான் தயிர்க்கட்டி வித்து முடிக்கிற வரைக்கும் குளிர்ல நிக்க வேணாமேன்னுதான் தெனம் ஒங்க அடுப்போரமா ஒக்கார வச்சுட்டுப் போறேன்."